பட்டாளத்து ஏட்டில் பெயரில்லாதவர்கள்

பழைய புத்தகம் சேர்ப்பவர்களில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. அவர்களுக்கு நாவலின் முதல் பதிப்பு வேண்டாம், கவிஞர் கையெழுத்திட்ட பிரதியும் வேண்டாம். அவர்கள் தேடுவது ரெஜிமெண்ட் வரலாறு. ஏதாவது ஒரு பட்டாளத்தை எடுத்துக்கொண்டு, அது திரட்டப்பட்ட நாளிலிருந்து கலைக்கப்பட்ட நாள் வரைக்கும், எந்தச் சண்டைக்குப் போனது, யார் தலைமை தாங்கினார், என்ன பதக்கம் வாங்கியது என்று வரிசையாகச் சொல்லும் புத்தகம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒரு கர்னல் எழுதியிருப்பார். அதே பட்டாளத்தின் பழைய அதிகாரிகள் முன்பணம் கட்டி வாங்கியிருப்பார்கள். சில நூறு பிரதிகள்தான் அச்சாகியிருக்கும். சீருடையைக் காட்டும் வண்ணப் படங்கள், மடித்து வைத்த போர் வரைபடங்கள், கடைசியில் பின்னிணைப்புகள். அதிகாரிகளின் பட்டியல், விருதுகள், சிலவற்றில் போலோ கோப்பை ஜெயித்த ஆண்டுகள்கூட இருக்கும்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பெக்கான் நானாஸில் உட்கார்ந்துகொண்டு இதைச் சேர்ப்பது வேடிக்கையாகத்தான் படும். அன்னாசியால் பெயர் வாங்கிய ஊர். இந்த ஈரத்தில் தோல் அட்டை பூஞ்சை பிடிக்கும், தாள் பழுப்புப் புள்ளி போடும், ராமபாணப் பூச்சி ஒட்டிய பசையை முதலில் தின்னும். அலமாரிக்குள் எப்போதும் ஒரு விளக்கு எரிய வேண்டும். ஆனால் இந்தப் புத்தகங்களுக்கும் எங்கள் சாலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1942 ஜனவரி கடைசி நாட்களில் பத்து பஹாட் பக்கம் மேற்குக் கரை உடைந்தபோது, இந்தியப் படையின் 28வது பிரிகேட் பொந்தியான் கெச்சிலிலிருந்து ஸ்கூடாய் நோக்கி இந்தச் சாலை வழியாகத்தான் பின்வாங்கியது. அதில் கூர்க்கா பட்டாளங்கள் இருந்தன. ஜனவரி 31ஆம் தேதி கடைசி ஆள் ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் பாலத்தை வெடிவைத்து உடைத்தார்கள். கூர்க்காக்களில் ஒரு பட்டாளத்தின் வரலாற்றை ஸ்டீவன்ஸ் என்பவர் எழுதி, அதன் மூன்றாம் தொகுதி 1952இல் வெளிவந்தது. நான் காய்கறி வாங்கப் போகிற சாலையில் நடந்த பின்வாங்கலை இங்கிலாந்தில் அச்சான புத்தகத்தில் தேடிப் படிக்கும்போது வருகிற உணர்வுக்குப் பெருமை என்று பேர் வைக்க முடியாது. வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஏதோ ஒன்று சரியானதா என்பதுதான் என் கேள்வி. நம்மை ஆண்ட பட்டாளத்தின் குடும்ப ஆல்பத்தை நாம் காசு கொடுத்து வாங்கி, பூச்சி அரிக்காமல் பார்த்து, பத்திரப்படுத்துவது எந்த வகையில் நியாயம்?

இது சும்மா எழுப்புகிற கேள்வி இல்லை. பணமே ஒரு கேள்விதான். மெட்ராஸ் படையைப் பற்றி லெப்டினன்ட் கர்னல் டபிள்யூ. ஜே. வில்சன் எழுதிய ஐந்து தொகுதிகள் 1882 முதல் 1889 வரை சென்னை அரசு அச்சகத்தில் அச்சாயின. மெட்ராஸ் எஞ்சினியர்களையும் பயனியர்களையும் பற்றி வைபார்ட் எழுதிய இரண்டு தொகுதிகள் 1881-83இல் வந்தன. இவற்றின் மூலப் பிரதி முழுசாகக் கிடைத்தால் ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம் போய்விடும். படிக்க மட்டும்தான் வேண்டும் என்றால் மறுபதிப்பு இருக்கிறது, மின்வடிவமும் இருக்கிறது. ஆகவே மூலத்தை வாங்குகிறவன் படிப்பதற்காக வாங்குகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஆசை. தாளின் மணம், தங்க எழுத்து, முதல் பக்கத்தில் யாரோ ஒரு மேஜர் மசியில் போட்ட கையெழுத்து.

ஆசையை ஒப்புக்கொண்ட பிறகுதான் நியாயத்தைப் பேச முடியும். அந்தப் புத்தகத்துக்குள் நாம் எங்கே இருக்கிறோம்?

ரெஜிமெண்ட் வரலாற்றைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வாக்கிய அமைப்பு உடனே தெரியும். ஒரு சண்டை முடியும். வெள்ளைக்கார அதிகாரி இருவர் விழுந்தார்கள், அவர்களுடைய பெயர், பட்டம், சில சமயம் குணநலன்கள். அதற்குக் கீழே இந்திய அதிகாரிகள் இத்தனை பேர், ஒருவேளை பெயருடன். அதற்கும் கீழே ‘இதர இந்திய நிலையினர்’ என்ற தலைப்பில் ஒரு எண். நாற்பது, அறுபது, நூறு. அந்த எண்ணோடு பத்தி முடிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் பட்டாளம் வேறு ஊரில் முகாமிடும்.

எல்லாப் புத்தகமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் இறந்த சிப்பாய்களின் முழுப் பட்டியல் பின்னிணைப்பில் உண்டு. பிரிட்டிஷ் பேரரசின் ரெஜிமெண்ட் வரலாறுகளுக்கு ரோஜர் பெர்கின்ஸ் 1994இல் வெளியிட்ட பெரிய நூற்பட்டியல் எங்களைப் போன்றவர்களுக்குக் கைவிளக்கு மாதிரி. எந்தப் புத்தகத்தில் இறந்தோர் பட்டியல் உண்டு என்பதைக்கூட அது குறித்து வைத்திருக்கிறது. அப்படிக் குறிக்க வேண்டியிருக்கிறது என்பதே அது எல்லாவற்றிலும் இல்லை என்பதற்குச் சாட்சி.

தாளில் மட்டும் நடந்தது என்றால் விட்டுவிடலாம். கல்லிலும் நடந்தது. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் 1929இல் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களுக்கு அதில் பெயர். இந்திய அதிகாரிகளுக்கும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பட்டாளத்தின் பெயரும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் மட்டும். சாவில் எல்லாரும் சமம், பட்டமோ இனமோ பார்க்கக் கூடாது என்பதைக் கொள்கையாக அறிவித்த அமைப்பு வைத்த கல் அது. அந்த அமைப்பே, இன்றைய பெயரில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், 2021இல் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை அல்லது நினைவுகூரப்படாமலே போனார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

கீழ்மட்ட ஆளின் பேரை எழுதுவது அந்தக் காலத்து வழக்கம் இல்லை என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். யாருடைய காலத்து வழக்கம்? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல் என்று அதன் தமிழ் பிராமி எழுத்தைப் படித்திருக்கிறார்கள். அவன் அரசன் இல்லை. மாட்டுச் சண்டையில் செத்த ஒருவன். அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடர்களைக் கடித்து நின்ற நாய்க்குப் பெயர் எழுதத் தெரிந்த மக்களின் பேரப்பிள்ளைகளை இருபதாம் நூற்றாண்டின் ஒரு பேரரசு எண்ணாக எழுதியது.

ஆனால் நடுகல்லைக் காட்டிப் பெருமைப்பட்டு முடித்துக்கொள்ளவும் முடியாது. பெயரே இல்லாத நடுகல்லும் எத்தனையோ உண்டு. மாடு கவர வந்தவனுக்குக் கல் நட்டார்கள், மாடு மேய்த்தவனுக்கு நட்டார்களா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை மறக்காமல் வைத்துக்கொண்டு மேலே போவோம், ஏனென்றால் அடுத்தது இன்னும் கசப்பு.

இந்தப் புத்தகங்களில் நாம் காணாமல் போயிருக்கும் இடங்கள் மட்டும்தான் உறுத்தும் என்று நினைத்தால், நாம் இருக்கிற இடங்களைப் படிக்க வேண்டும். கேப்டன் பெக்பி என்ற மெட்ராஸ் பீரங்கிப் படை அதிகாரி மலாயா தீபகற்பத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 1834இல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சானது. மலாயாவைப் பற்றிய ஆரம்பகால ஆங்கில நூல்களில் ஒன்று நம் வேப்பேரியில் அச்சேறியது என்று முதலில் தெரிந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அந்தப் புத்தகத்தின் முக்கியமான பகுதி நானிங் போர். மலாக்காவுக்குப் பக்கத்தில் நானிங் என்ற சின்னப் பகுதி. அதன் தலைவர் டோல் சாயிட். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கட்டு என்று கம்பெனி கேட்டது, அவர் மறுத்தார். 1831இல் அனுப்பிய படையை நானிங் மக்கள் துரத்தியடித்தார்கள். மறுவருஷம் பெரிய படை வந்து பணியவைத்தது. அந்தப் படையின் பெரும் பகுதி மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, கூடவே மெட்ராஸ் சாப்பர்கள். அதாவது நம் ஆட்கள். தமிழர், தெலுங்கர், தென்னாட்டு முஸ்லிம்கள். தோட்டத்துக்குப் பால் வெட்ட நாம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, வரி வசூலிக்க வந்த துப்பாக்கியைத் தோளில் சுமந்து வந்திருக்கிறோம்.

மலேசியப் பள்ளிப் பாடத்தில் டோல் சாயிட் ஒரு வீரர். நம் பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நின்றவன் யார் என்று பாடம் சொல்வதில்லை. ஆங்கிலேயர் என்று ஒரு சொல்லோடு போய்விடும். இந்தப் பழைய புத்தகம்தான் சொல்கிறது.

ஆகவே ரெஜிமெண்ட் வரலாறு நமக்கு இரண்டு பக்கமும் கடன் வைக்கிறது. நமக்கு வரவேண்டியது ஒன்று: எழுதாமல் விட்ட பெயர்கள். நாம் கொடுக்க வேண்டியதும் ஒன்று: நம் கையால் நடந்தவற்றின் கணக்கு. முதலாவதை மட்டும் பேசுகிறவன் பாதிக்கப்பட்டவனாக மட்டும் இருக்க ஆசைப்படுகிறான். வரலாறு அந்த வசதியை யாருக்கும் கொடுப்பதில்லை.

கூலிக்குப் போன சிப்பாய் என்ன செய்வான், வயிற்றுப் பிழைப்பு என்பார்கள். உண்மைதான். இன்னொன்றும் உண்டு. ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குப் பட்டாளம் பூட்ஸ் கொடுத்தது. மெட்ராஸ் படையில், முக்கியமாகச் சாப்பர்களில், ஒடுக்கப்பட்ட சாதியினர் நிறையப் பேர் சேர்ந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்களுக்கு இன்றும் ‘தம்பி’ என்றே செல்லப்பெயர். பிறகு ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கை வந்தது. வடக்கத்தியர்தான் சண்டைக்கு லாயக்கு, மதராசி இல்லை என்று ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் முடிவுகட்டி ஆள் சேர்ப்பைக் குறைத்தார்கள். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவில் மெட்ராஸ் ரெஜிமெண்டையே கலைத்தார்கள். அடுத்த போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மறுபடி உண்டாக்கினார்கள். பித்தியன்-ஆடம்ஸ் என்ற அதிகாரி 1940களில் எழுதிய ‘தி மெட்ராஸ் சோல்ஜர்’ என்ற புத்தகத்தை அந்தப் பின்னணியில் வைத்துத்தான் நான் படிக்கிறேன். இருநூறு வருஷம் உழைத்த ஒருவனுக்காக வாதாட ஒரு வெள்ளைக்காரர் வர வேண்டியிருக்கிறது.

அந்தப் புத்தகத்தை ஒருநாள் என் பெரியப்பா கையில் எடுத்துப் புரட்டினார். எண்பது தாண்டியவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் படிக்க வராது. படங்களைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல நம்மாளுங்க பேரு இருக்கா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் இருக்கு பெரியப்பா. சுபேதார், ஜமேதார் மாதிரி பெரிய ஆளுங்க பேரு.”

“எங்கப்பா பேரு இருக்குமா?”

அவருடைய அப்பா சயாமுக்குப் போனவர். திரும்பவில்லை. “அது பட்டாளத்துல இருந்தவங்க புத்தகம் பெரியப்பா. தாத்தா தோட்டத்துல இருந்தவரு இல்லையா?” என்றேன்.

“சண்டையிலதானேடா செத்தாரு?” என்றார். புத்தகத்தை மூடி, அட்டையைத் துண்டால் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

ரெஜிமெண்ட் வரலாற்றைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இந்த ஒரு கேள்வி அளவுக்கு ஆழமாகப் போகவில்லை. ஒரு பட்டாளத்துக்கு வரலாறு எழுதப்பட வேண்டும் என்றால் முதலில் அது பட்டாளமாக இருக்க வேண்டும். சம்பளப் பட்டியல், எண், கொடி, அதிகாரிகள் கூடிச் சாப்பிடும் மெஸ், அந்த மெஸ்ஸில் நினைவுகளைப் பேசிக்கொள்ளும் கிழவர்கள் எல்லாம் வேண்டும். சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 அக்டோபரிலிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அவர்களுக்கு ரெஜிமெண்ட் இருந்தது. ஆகவே பெயர்ப் பட்டியல் இருந்தது, தேடி எடுத்துப் புதைக்க ஆணையம் இருந்தது. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் புல்வெளியில் வரிசையாக இருக்கின்றன. மலாயாவிலிருந்து கொண்டுபோன எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், அப்படி எதுவும் இல்லை. கங்காணி பேர் சொல்லிக் கூப்பிட்டு லாரியில் ஏற்றியதோடு அவர்கள் கணக்கு முடிந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகள்தான் இருக்கின்றன.

பட்டாளத்தில் இருந்தும் வரலாறு கிடைக்காதவர்களும் உண்டு. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடி எடுக்கச் சொன்ன உத்தரவு என்று காரணங்களைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அன்றே முன்னூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்த மூன்று பட்டாளங்களையும் கலைத்துவிட்டார்கள். வில்சன் தன் புத்தகத்தில் அந்தக் கலகத்தை எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. ஆனால் அது கலகத்தை அடக்கிய பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு. கலைக்கப்பட்ட பட்டாளத்துக்கு மெஸ் கிடையாது, ஓய்வுபெற்ற கர்னல் கிடையாது, முன்பணம் கட்டி வாங்க ஆள் கிடையாது.

1942 பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943இல் ஜான்சி ராணி ரெஜிமெண்ட் உருவானபோது எங்கள் தோட்டங்களிலிருந்து பெண்கள் போனார்கள், பால்மரம் வெட்டிய கையால் துப்பாக்கி பிடித்தார்கள். அந்த ராணுவத்தில் இறந்தவர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு இடித்தார்கள். என் அலமாரியில் உள்ள பழைய பட்டாள நூல்கள் இவர்களைப் பற்றி ஒரு சங்கடமான பத்தி எழுதிவிட்டு அவசரமாகக் கடந்துபோகின்றன. துரோகி என்று நினைத்தார்களோ, பாவம் என்று நினைத்தார்களோ, எப்படியும் அது குடும்ப ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகம்.

இப்போது திரும்பவும் கேட்கலாம். இவ்வளவும் தெரிந்த பிறகு இந்தப் புத்தகங்களை ஏன் வைத்திருக்க வேண்டும்? நண்பர் ஒருவர் நேரடியாகவே சொன்னார்: “இது வெள்ளைக்காரன் மேல உள்ள பழைய மயக்கம். நீங்க அதுக்கு ஆராய்ச்சின்னு பேரு வைக்கிறீங்க.” அந்த மயக்கம் உண்டு. மறுக்க மாட்டேன். எங்கள் வட்டத்தில் சிலர் இறந்தோர் பட்டியலைத் தொடுவதே இல்லை, சீருடைப் பொத்தானின் நிறம் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். வியாபாரிகளில் சிலர் வண்ணப் படங்களைக் கத்தியால் அறுத்து எடுத்துச் சட்டம் போட்டு ஓட்டல்களுக்கு விற்கிறார்கள். முழுப் புத்தகத்தைவிடத் துண்டுபோட்டால் லாபம் கூட. படம் சுவருக்குப் போகும், இறந்தவர்களின் எண் இருக்கும் பக்கம் பழைய பேப்பருக்குப் போகும்.

ஆனால் நண்பரின் தீர்ப்பை நான் ஏற்காததற்கு ஒரு காரணம் பீமா கோரேகாவ். 1818 ஜனவரி 1ஆம் தேதி பேஷ்வாவின் படையோடு கம்பெனிப் படை மோதிய இடம். அங்கே கம்பெனி தன் வெற்றிக்காக ஒரு தூண் எழுப்பியது. அதில் தன் பக்கம் இறந்த சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தது. அந்தப் பெயர்களில் இருபதுக்கும் மேல் மகர் பெயர்கள். கம்பெனி தன் பெருமைக்காகத்தான் எழுதியது, மகர்களின் விடுதலைக்காக எழுதவில்லை. நூறு வருஷம் கழித்து 1927இல் அம்பேத்கர் அங்கே போனார். அதற்குப் பிறகு அந்தத் தூண் வேறு ஒன்றாக ஆனது. இன்று ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே கூடுகிறார்கள். எழுதியவன் நினைத்தது ஒன்று, படித்தவன் எடுத்துக்கொண்டது வேறு. தூணை யாராவது அடிமைச் சின்னம் என்று இடித்திருந்தால் அந்தப் பெயர்களும் போயிருக்கும்.

பெயர் எழுதப்பட்ட இடத்தில் இது நடந்தது. பெயர் எழுதப்படாத இடத்தில்? அங்கேயும் புத்தகம் இருந்தால்தான் விடுபட்டது தெரியும். பஸ்ரா கல்லில் எண் இருந்ததால்தான் தொண்ணூறு வருஷம் கழித்து அந்த எண்ணுக்குரிய பெயர்கள் எங்கே என்று கேட்க முடிந்தது. ஒரு பக்கத்தில் ‘இதர இந்திய நிலையினர் 47’ என்று இருந்தால், அதை எழுதியவர் அறியாமலே ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாற்பத்தேழு வீட்டுக்குத் தந்தி போயிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால் கடன் தீராது, கடன் இருந்ததற்கான அத்தாட்சிதான் போகும். கடனைத் திருப்பித் தராதவனின் கணக்குப் புத்தகத்தை, அவனைப் பிடிக்காது என்பதற்காக எந்த வட்டிக்கடைக்காரனாவது எரிப்பானா?

இதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பூட்டி வைத்துத் தடவிப் பார்க்கிறவன் கணக்குக் கேட்பவன் ஆக மாட்டான். பழைய பட்டாளப் புத்தகத்தைத் தமிழன் சேர்ப்பது நியாயமாக வேண்டும் என்றால் அவன் அதை எதிர்க் கண்ணோடு படிக்க வேண்டும். எண்கள் வரும் பக்கங்களைக் குறித்துவைக்க வேண்டும். கேட்டு வருகிறவனுக்குத் திறந்து காட்ட வேண்டும். காப்புரிமை முடிந்ததை மின்வடிவில் பகிர வேண்டும். நானிங் வரும் பக்கத்தைத் தாண்டிப் போகாமல் அங்கே நிற்க வேண்டும்.

இன்னொரு கடமையும் உண்டு. அந்த வகைப் புத்தகத்தால் சொல்லவே முடியாததை வேறு எது சொல்கிறதோ, அதையும் அதே மரியாதையோடு சேர்க்க வேண்டும். சயாம் ரயிலில் செத்தவர்களுக்கு ரெஜிமெண்ட் இல்லை, கர்னல் இல்லை. ஆகவே அந்த வேலையை இந்த நாட்டில் தமிழ் நாவலாசிரியர்கள் செய்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டையும் இலக்கியத் தரத்தை வைத்து மட்டும் எடைபோடுகிறவர்கள் அவை எந்த வெற்றிடத்தில் எழுதப்பட்டன என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். வண்ணப் படம் இல்லை, மடித்த வரைபடம் இல்லை, பின்னிணைப்பு இல்லை. ஆனால் அவைதான் நம் ரெஜிமெண்ட் வரலாறு. வெள்ளைக்காரன் புத்தகத்துக்குக் கொடுக்கிற காசையும் கண்ணாடி அலமாரியையும் இவற்றின் முதல் பதிப்புகளுக்குக் கொடுக்கத் தயங்குகிறவனிடம்தான் நண்பர் சொன்ன மயக்கம் நிச்சயமாக இருக்கிறது.

என் அலமாரியில் இப்போது ஸ்டீவன்ஸுக்குப் பக்கத்தில் ரெங்கசாமி நிற்கிறார். கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு. இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் என்று வயதானவர்கள் சொல்லும் பெயர்களை அதில் எழுதிவருகிறேன். முழுப் பெயர் சிலருக்கு இல்லை. ‘மூணாவது லயத்து முனியன்’, ‘ராத்திரி டப்பா வாசிப்பாரே, அவரு’ என்று இருக்கும். சொல்கிறவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதுகிறேன். சரிபார்க்க வழியில்லாத பெயர்களை என்ன செய்வது என்று ஒரு வரலாற்று மாணவர் கேட்டார். சரிபார்க்கவில்லை என்று பக்கத்தில் எழுதிவைத்தால் போதும் என்றேன். எண்ணாகப் போவதைவிட, சந்தேகத்தோடு எழுதிய பெயராக இருப்பது மேல்.

எனக்குப் பிறகு இந்தப் புத்தகங்கள் எங்கே போகும் என்று வீட்டில் சில சமயம் பேச்சு வருகிறது. பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை, அதில் தவறும் இல்லை. விற்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். லண்டனுக்குப் போனாலும் சரி, சென்னைக்குப் போனாலும் சரி. இரண்டே நிபந்தனை: படங்களை அறுத்துத் தனியாக விற்கக் கூடாது, நோட்டைப் பிரித்துத் தனியாக வைக்கக் கூடாது. வாங்குகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இது என்ன என்று அவர் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.